பாலிசி இருந்தும் கைக்காசு எவ்வளவு போகும்? சென்னையில் மருத்துவக் காப்பீடு எடுப்பவர்களுக்கு

‘ஒரு கோடி ரூபாய் கவரேஜ்’ என்று விளம்பரம் வருகிறது. அந்த ஒரு கோடி, நிறுவனம் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்பதற்கான எல்லை. நம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பதற்கு, இங்கே விற்கும் வழக்கமான பாலிசிகளில் எல்லை எதுவும் கிடையாது. அதனால்தான் ஐந்து லட்சத்துக்குப் பாலிசி வைத்திருப்பவர் இரண்டு லட்ச ரூபாய் பில்லுக்குத் தொண்ணூறாயிரம் கட்டிவிட்டு டிஸ்சார்ஜ் ஆகிறார். இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. கழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பாலிசியில் ஒரு வரி இருக்கும்.

வெளியூரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து, தனக்கோ பெற்றோருக்கோ முதல்முறையாகப் பாலிசி எடுக்கப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நிறுவனம் எவ்வளவு தரும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நம் பங்கு எங்கெங்கே போகிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்த ஒரு தாளைக் கேளுங்கள்

பாலிசிப் புத்தகம் முழுவதையும் யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. ‘கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்’ என்று ஒரு சுருக்கத் தாளை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. 2024 ஜனவரியிலிருந்து அதன் வடிவமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. காப்பீட்டுத் தொகை, கோ-பே, டிடக்டிபிள், சப்-லிமிட் (சில சிகிச்சைகளுக்கு மட்டும் உள்ள தனி வரம்பு), காத்திருப்புக் காலம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தமிழில் வேண்டும் என்றாலும் கேட்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன்பே இதை ஏஜென்ட்டிடம் வாங்குங்கள். ‘எல்லாம் கவர் ஆகும் சார்’ என்று அவர் சொல்லும்போது இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இரண்டு லட்சம் பில் வந்தால் நான் எவ்வளவு கட்டணும்?’ என்று மட்டும் கேளுங்கள். நல்ல ஏஜென்ட் கால்குலேட்டரை எடுப்பார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாட்களுக்கான பிரீமியம் போன்றவை போக மீதி வந்துவிடும்.

கோ-பே: சதவீதத்தில் போகும் பங்கு

20 சதவீதம் கோ-பே என்றால், பில்லில் நிறுவனம் ஏற்றுக்கொண்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கு நம்முடையது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் சேரும்போதும் இது உண்டு. பில் ஏற ஏற நம் பங்கும் ஏறும். பத்து லட்சம் பில் என்றால் இரண்டு லட்சம்.

இது எப்போதெல்லாம் வரும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வயது ஒரு காரணம்: 60 தாண்டிப் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பல பாலிசிகளில் இது கட்டாயம். நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனால் சிலவற்றில் கோ-பே வரும். ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகள் தரும் குரூப் பாலிசியில் நமக்குக் கோ-பே இல்லாமல், அப்பா அம்மாவுக்கு மட்டும் 10 அல்லது 20 சதவீதம் வைத்திருப்பது சகஜம். ஹெச்ஆர் அனுப்பும் அந்த நீளமான மெயிலின் கடைசிப் பக்கத்தில் இது இருக்கும்.

ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இன்னொரு காரணத்தால். சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலமாகப் பிரித்துப் பிரீமியம் வாங்குகின்றன. சென்னை மாதிரி பெருநகரத்துக்குக் கூடுதல், சிறிய ஊர்களுக்குக் குறைவு. பெற்றோருக்குத் திருநெல்வேலி முகவரியில் பாலிசி எடுத்திருப்பீர்கள். அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை என்றதும் இங்கே அழைத்து வருவீர்கள். மண்டலம் மாறிச் சிகிச்சை எடுத்ததற்காக அப்போது தனியாக ஒரு கோ-பே விழும். பெற்றோர் வருடத்தில் பாதி நாள் உங்களோடுதான் வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ இருக்கிறார்கள் என்றால், சென்னை மண்டலத்துக்கே பிரீமியம் கட்டிவிடுங்கள். பாலிசி எடுக்கும்போது இந்த வரி இருக்கிறதா என்று கேட்பது ஏஜென்ட்டுக்கே சில சமயம் புதிதாக இருக்கும்.

பிரீமியத்தைக் குறைக்க விருப்பக் கோ-பே எடுக்கச் சொல்வார்கள். பெற்றோர் பாலிசிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிக்கடி ஆஸ்பத்திரி போகும் வயதில் சதவீதக் கணக்கு ஆபத்து. செலவைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் அடுத்து வரும் டிடக்டிபிள் தேவலை. அதில் நம் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும்.

டிடக்டிபிள்: முதலில் நாம், அப்புறம் அவர்கள்

டிடக்டிபிள் 50,000 ரூபாய் என்றால், முதல் ஐம்பதாயிரம் நம்முடையது. அதற்கு மேல் நிறுவனம். நம்மூரில் இது அதிகம் வருவது, அடிப்படை பாலிசிக்கு மேல் கூடுதலாக எடுக்கும் டாப்-அப், சூப்பர் டாப்-அப் பாலிசிகளில்தான். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

உங்களிடம் ஐந்து லட்சம் அடிப்படை பாலிசி இருக்கிறது. அதற்கு மேல் ஐந்து லட்சம் டிடக்டிபிளோடு ஒரு டாப்-அப். ஒரே வருடத்தில் இரண்டு முறை அட்மிஷன், ஒவ்வொன்றும் நான்கு லட்சம். அடிப்படை பாலிசி முதல் நான்கு லட்சத்தையும், இரண்டாவதில் மிச்சமிருக்கும் ஒரு லட்சத்தையும் கொடுத்துவிடும். மீதி மூன்று லட்சம். சாதா டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எந்த பில்லும் ஐந்து லட்சத்தைத் தாண்டவில்லை, அதனால் ஒரு ரூபாய்கூட வராது. சூப்பர் டாப்-அப் வருடம் முழுவதையும் கூட்டிப் பார்க்கும். மொத்தம் எட்டு லட்சம், டிடக்டிபிள் ஐந்து போக மூன்று லட்சம் அதிலிருந்து வரும். பிரீமிய வித்தியாசம் பெரிதாக இருக்காது. வாங்கினால் சூப்பர் டாப்-அப் வாங்குங்கள்.

கம்பெனி தரும் குரூப் பாலிசி இருக்கிறதே என்று அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. மலிவான ஏற்பாடுதான். ஆனால் வேலையை விட்டால் குரூப் பாலிசியும் போய்விடும். அடிப்படை இல்லாமல் டாப்-அப் மட்டும் கையில் நிற்கும். அப்போது முதல் ஐந்து லட்சமும் கைக்காசுதான்.

அறை வாடகை: பெரிய ஓட்டை இதுதான்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பழைய மாதிரி பாலிசிகளில் ‘ரூம் ரென்ட்: காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்’ என்று இருக்கும். ஐந்து லட்சம் பாலிசிக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். வேறு சிலவற்றில் ரூபாய்க்குப் பதில் ‘சிங்கிள் பிரைவேட் ஏசி அறை’ என்று அறை வகை இருக்கும். சிலவற்றில் வரம்பே இல்லை.

வரம்பு 5,000, நாம் எடுத்தது 8,000 ரூபாய் அறை என்றால், நாளுக்கு 3,000 தானே, கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். அதோடு நிற்காது. சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அறை உயர உயர, சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றுக்கும் ரேட் உயரும். ஏசி மண்டபம் பிடித்தால் மேளக்காரர் கூலியும் ஏறுகிற மாதிரி. ‘நீங்கள் தகுதிக்கு மேல் அறை எடுத்ததால்தானே இந்தச் செலவுகளும் ஏறின’ என்று சொல்லி, நிறுவனம் இவற்றையும் அதே விகிதத்தில் வெட்டும். இதுதான் ‘ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’.

64 வயது அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் பாலிசி, அறை வரம்பு 5,000, கோ-பே 20 சதவீதம். நான்கு நாள், 8,000 ரூபாய் அறை. தொகைகள் கணக்குக்காக நான் போட்டவை.

அறை 32,000. சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், நர்சிங் சேர்த்து 1,20,000. மருந்து 30,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 20,000. பாலிசி ஏற்காத சில்லறைப் பொருட்கள் 8,000. மொத்தம் 2,10,000.

அறைக்கு 20,000 தான் ஏற்பார்கள், 12,000 நம்முடையது. எட்டுக்கு ஐந்து, அதாவது 62.5 சதவீத விகிதத்தில் சர்ஜன் முதலான 1,20,000 ரூபாய் 75,000 ஆகிவிடும்; 45,000 நம்முடையது. மருந்தும் பரிசோதனையும் முழுதாக ஏற்கப்படும். 8,000 போய்விட்டது. ஆக ஏற்கப்பட்டது 1,45,000. அதில் 20 சதவீதக் கோ-பே 29,000. நிறுவனம் கொடுப்பது 1,16,000. நாம் கட்டுவது 94,000.

அதே அம்மா 5,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால்? அறை 20,000. சர்ஜன் முதலான செலவு அந்த அறையின் ரேட்டில் ஒரு லட்சம் என்று வையுங்கள். மருந்தும் பரிசோதனையும் அதே 50,000. சில்லறை 8,000. மொத்தம் 1,78,000, ஏற்கப்படுவது 1,70,000, கோ-பே 34,000. நாம் கட்டுவது 42,000.

நான்கு நாளில் அறைக்காக அதிகம் கொடுத்தது 12,000 ரூபாய். கையிலிருந்து அதிகம் போனது 52,000.

இந்த வெட்டுக்கும் எல்லை உண்டு. மருந்து, அறுவையில் பொருத்தும் இம்ப்ளான்ட், பரிசோதனை ஆகியவற்றுக்கு விகிதக் கழிவு கூடாது. ஐசியூ கட்டணத்துக்கும் கூடாது. அறைக்கு ஏற்ப ரேட் மாறாத ஆஸ்பத்திரியில் இந்தக் கழிவே போடக் கூடாது. இவை ஐஆர்டிஏஐ 2020இல் வகுத்த விதிகள். எவ்வளவு தருகிறோம் என்று நிறுவனம் அனுப்பும் அப்ரூவல் கடிதத்தில் மருந்துக்கும் சேர்த்து வெட்டியிருந்தால் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்.

என் யோசனை: அறை வரம்பு இல்லாத பாலிசியைத் தேடுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும். தனிநபர், குடும்ப பாலிசி பிரீமியத்துக்கு 18 சதவீதம் இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. மிச்சமாகும் பணத்தை இதில் போடுவது, காப்பீட்டுத் தொகையை ஐம்பது லட்சம், ஒரு கோடி என்று ஏற்றுவதைவிட உருப்படியான காரியம்.

தனி வரம்புகளும் காத்திருப்பும்

கண்புரை, மூலம், குடலிறக்கம், முட்டி மாற்று போன்றவற்றுக்குச் சில பாலிசிகளில் தனி உச்ச வரம்பு இருக்கும். ஒரு கண்ணுக்கு 40,000 என்று எழுதியிருந்தால், டாக்டர் 65,000 ரூபாய் லென்ஸைப் பரிந்துரைத்தாலும் வருவது 40,000 தான்.

பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்து தவிர வேறு எதற்கும் கிளெய்ம் இல்லை. மேலே சொன்ன மாதிரி குறிப்பிட்ட நோய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடக் காத்திருப்பு. ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷர் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. காத்திருப்புக் காலத்தில் வரும் செலவு நூறு சதவீதம் கைக்காசு.

பிரீமியம் ஏறிவிடும் என்று சுகரை மறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். அட்மிஷன் அன்று டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘எட்டு வருடமாகச் சுகர்’ என்று எழுதுவார். அது அப்படியே நிறுவனத்துக்குப் போகும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர இந்தக் காரணத்தைச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. அதற்கு முன் மாட்டினால் கோ-பே அல்ல, மொத்த பில்லும் நம் தலையில்.

ஏற்கெனவே இருக்கும் பாலிசி சரியில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். ஓடிய காத்திருப்புக் காலம் வீணாகாது. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

பில்லில் ‘நான்-பேயபிள்’

பாலிசி ஏற்காத பொருட்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது, 68 இனங்கள். கையுறை, மாஸ்க், இசிஜி எலெக்ட்ரோடு, டயப்பர், க்ரேப் பேண்டேஜ், தெர்மாமீட்டர், கூட இருப்பவரின் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், போட்டோகாப்பி என்று போகும். தனித்தனியாக நூறும் இருநூறும். பத்து நாள் ஐசியூவில் இருந்தால் கையுறையே பல ஆயிரம் ஆகிவிடும். இதற்கு ‘கன்ஸ்யூமபிள் கவர்’ என்று ஒரு கூடுதல் சேர்க்கை விற்கிறார்கள். விலை குறைவு. எடுத்துக்கொள்ளலாம்.

பலருக்கும் தெரியாத பட்டியல் ஒன்று இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறை வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டிய இனங்கள் அவை. ஏசி கட்டணம், ஹவுஸ்கீப்பிங், கோப்பு திறக்கும் கட்டணம், அட்மிஷன் கிட், பார்வையாளர் பாஸ், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம் எல்லாம் இதில் வரும். பில்லில் இவை தனி வரியாக இருந்தால் நிறுவனம் தராது, நம்மிடம் கேட்பார்கள். ‘இது ரூம் சார்ஜுக்குள்ள வர்றதுதானே?’ என்று பில்லிங்கில் கேட்டுப் பாருங்கள். எடுத்துவிடும் ஆஸ்பத்திரிகள் உண்டு.

அட்மிஷன் நாளில்

ஆஸ்பத்திரி நம் நிறுவனத்தின் நெட்வொர்க்கில், அதாவது அவர்கள் பட்டியலில், இருக்கிறதா என்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிடுங்கள். இருந்தால் கேஷ்லெஸ்: நிறுவனம் தன் பங்கை நேரடியாக ஆஸ்பத்திரிக்கே கட்டிவிடும். இல்லாவிட்டாலும், 2024 ஜனவரியில் வந்த ‘கேஷ்லெஸ் எவ்ரிவேர்’ ஏற்பாட்டில் கேட்கலாம். திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ளும் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“டபுள் ஷேரிங் ஃபுல்லா இருக்கு சார். சிங்கிள் ஏசி போட்டுரவா? இன்ஷூரன்ஸ்தானே?”

“எங்க பாலிசில நாளைக்கு அஞ்சாயிரம்தான்மா லிமிட். ஷேரிங் எப்ப காலியாகும்?”

“சாயங்காலம் ரெண்டு டிஸ்சார்ஜ் இருக்கு சார்.”

“அப்ப ஷேரிங்லயே புக் பண்ணுங்க. அதுவரைக்கும் சிங்கிள்ல இருந்தா எந்த ரேட்ல பில் போடுவீங்கன்னு எழுதிக் குடுங்க.”

அந்தக் கடைசி வரியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ‘இன்ஷூரன்ஸ்தானே’ என்ற கேள்விக்குத் தலையாட்டுகிற இடத்தில்தான் மேலே பார்த்த 52,000 போகிறது. கூடவே அறை வாரியான கட்டணத் தாளையும் (டாரிஃப்), உத்தேசச் செலவுத் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆதார், பாலிசி அட்டை, டாக்டரின் அட்மிஷன் குறிப்பு, பழைய ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். முன் அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் ப்ரீ-ஆத் படிவம் போன ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கை. முதலில் வரும் அனுமதித் தொகை குறைவாக இருக்கும், பயப்பட வேண்டாம். சிகிச்சை போகப் போகக் கூட்டிக் கேட்பார்கள். கேஷ்லெஸ் என்றாலும் ஆஸ்பத்திரி டெபாசிட் வாங்கக்கூடும். ரசீது பத்திரம்.

டிஸ்சார்ஜ் நாளில்

ஆஸ்பத்திரி இறுதிக் கோரிக்கையை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் நிறுவனம் அனுமதி தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் இந்த மூன்று மணி, டாக்டர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொன்ன நேரத்திலிருந்து ஓடுவதில்லை. ரவுண்ட்ஸ் முடிந்து, சம்மரி டைப் ஆகி, பார்மசி கணக்கு முடிந்து, பில் அனுப்பிய பிறகுதான் ஓடும். பாதி நாள் போவது அந்த இடைவெளியில்தான். ‘பில் எத்தனை மணிக்கு அனுப்புனீங்க?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தை யாரிடம் காட்டுவது என்றாவது தெரியும்.

ஃபைனல் அப்ரூவல் கடிதத்தின் நகலை வாங்கி, கழித்த ஒவ்வொரு வரிக்கும் காரணம் பாருங்கள். கோ-பே, டிடக்டிபிள், அறை வித்தியாசம், விகிதக் கழிவு, தனி வரம்பு, நான்-பேயபிள் என்று ஆறில் ஒன்றில் அது அடங்க வேண்டும். அடங்காத வரி இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். விரிவான பில், டிஸ்சார்ஜ் சம்மரி, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர், கட்டிய பணத்துக்கு ரசீது இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் ஆகும் செலவும், அதே நோய் தொடர்பானது என்றால், பல பாலிசிகளில் உண்டு. ஸ்கேன், மருந்து, ஃபாலோ-அப் கன்சல்டேஷன் எல்லாம் சேரும். தெருமுனை மெடிக்கலில் வாங்கும் மருந்துக்கும் நோயாளி பெயரில் பில் வாங்குங்கள். பலர் கேஷ்லெஸ் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது பாலிசி இருந்தால், முதலாவது தராத மீதியை அதன் விதிகளுக்கு உட்பட்டு அதில் கேட்கலாம். கம்பெனி பாலிசியில் வெட்டிய கோ-பேயைச் சொந்த பாலிசியில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். முதல் நிறுவனத்தின் செட்டில்மென்ட் கடிதம் இதற்கு அவசியம்.

சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் ஆகும் மாத்திரைச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. அது எப்போதும் கைக்காசு. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் ஜெனரிக் மாத்திரை வாங்கினால் அந்தச் செலவு நன்றாகக் குறையும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால், தனியார் பாலிசிக்கு முன்னால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வாங்குங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளில் கோ-பே இல்லாமல் கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால்

‘கோ-இன்ஷூரன்ஸ் 20 சதவீதம்னு போட்டிருக்கு, எடுக்கவா?’ என்று அங்கிருந்து வாட்ஸ்அப் வரும். அங்கே கணக்கு மூன்று படி. முதலில் டிடக்டிபிள், அதுவரை முழுக்க நாம். அதன்பின் கோ-இன்ஷூரன்ஸ், அதாவது மீதியில் நம் சதவீதம். நம்மூர் கோ-பே மாதிரிதான். அங்கே கோ-பே என்பது டாக்டரைப் பார்க்க 30 டாலர் என்கிற மாதிரி நிலையான தொகை. மூன்றாவது படிதான் முக்கியம்: வருடத்துக்கு இவ்வளவுதான் உன் கைக்காசு என்ற உச்ச வரம்பு. அதைத் தொட்டுவிட்டால் அந்த வருடம் முழுக்க மீதியை நிறுவனமே கட்டும். 2025ஆம் ஆண்டில் அந்த வரம்பு சட்டப்படி தனிநபருக்கு 9,200 டாலரையும் குடும்பத்துக்கு 18,400 டாலரையும் தாண்டக் கூடாது என்று இருந்தது. திட்டங்கள் இதைவிடக் குறைவாகவும் வைக்கலாம்.

டிடக்டிபிள் 2,000 டாலர், கோ-இன்ஷூரன்ஸ் 20 சதவீதம், பில் 20,000 என்றால்: முதலில் 2,000, மீதி 18,000இல் 3,600, ஆக 5,600 டாலர். பில் 2,00,000 டாலர் என்றால் சதவீதக் கணக்கில் 41,600 வரும். ஆனால் உச்ச வரம்பு 9,200 என்றால் அங்கேயே நின்றுவிடும். மாதப் பிரீமியம் இந்த வரம்பில் சேராது. நெட்வொர்க்குக்கு வெளியே போனால் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பும் இல்லை. கல்லூரியோ கம்பெனியோ இரண்டு மூன்று திட்டங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பிரீமியத்தைப் பார்த்த கையோடு அந்த உச்ச வரம்பு வரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழித்தது சரியில்லை என்றால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். கிளெய்மை மறுப்பதென்றால் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மறுஆய்வுக் குழு பார்த்திருக்க வேண்டும். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் தர வேண்டும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையிலேயே, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. பாலிசி நகல், விரிவான பில், ஃபைனல் அப்ரூவல் கடிதம், நீங்கள் அனுப்பிய புகார், அவர்கள் பதில் ஆகியவற்றை இணைத்து, கழித்ததில் எந்த வரி தவறு, அதற்கு எவ்வளவு ரூபாய் வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.